ஒன்றரை மணித் திருட்டு

நகரக் காவல் தலைமையகத்தின் மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய நீள அறையில், புள்ளிவிவரப் பிரிவு இருந்தது. அங்கே வேலை பார்த்த ஆறு பேரில் ஒருவர்கூடத் திருடன் என்று ஒருவனை நேரில் கண்டதில்லை. படி ஏறி அவர்களிடம் வந்து சேர்வதற்குள் எந்தத் திருட்டும் ஓர் எண்ணாக இளைத்துவிடும். அந்த எண்களைக் கூட்டி, வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையாக்கிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை.

பிரிவின் தலைவியை நேரில் 'மேடம்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'சராசரியம்மா' என்றும் அழைத்தார்கள். யார் எந்தக் குறையைச் சொல்லி மூக்கைச் சிந்தினாலும், அது ஒரு நாள் கணக்கு, சராசரி என்ன என்று அவர் கேட்பார். பெயர் காதில் விழாமல் இல்லை. விழுந்ததாக அவர் காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டின் அறிக்கையில் அவர் ஒரு படம் வரைந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் வீடு புகுந்து திருடிய குற்றங்கள் எந்தெந்த மணிக்கு நடந்தன என்பதைக் காட்டும் படம். தொடக்க ஆண்டுகளில் நள்ளிரவு தாண்டி ஒரு மேடு இருந்தது. பகல் முழுவதும் சமவெளி. ஆண்டுகள் நகர நகர, இரவு மேடு கரைந்தது. பிற்பகல் ஒன்றரை மணியில் புதிதாக ஒன்று முளைத்து, கடைசி ஆண்டில் குன்றாகவே நின்றது. பிற்பகல் திருட்டு மூன்று மடங்கு.

துணை ஆணையர் அந்தப் படத்தைப் பத்திரிகையாளர்கள் முன் திரையில் போட்டுக் காட்டினார். நகரத்தின் இரவைத் திருத்திவிட்டோம், பிற்பகல்தான் கெட்டுப்போயிற்று என்றார். பிற்பகல் ஒன்றரை மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் நுழைகிற அந்நியர்கள் யார் என்ற கேள்வியைத் தாமே கேட்டு, பதிலையும் தாமே சொன்னார்: பார்சல் கொண்டுவருகிறவர்கள். அடுத்த மாத முதல் தேதியிலிருந்து, பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் அவர்கள் எந்தக் குடியிருப்புக்குள்ளும் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு தயாரானது. அதோடு நிற்கவில்லை. திருட்டு நடந்த குடியிருப்புகளின் வாயில் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு வந்து, அன்றைக்கு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே உள்ளே போனவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திருட்டில் பெயர் அடிபட்டவர்கள் பதினேழு பேர்.

அந்தப் பதினேழு பேரில் ஒருவன் சராசரியம்மாவின் கொழுந்தன்.

அண்ணன் வீட்டு மாடியறையிலேயே குடியிருந்தான் அவன். ஒன்பது ஆண்டுகளாகப் பார்சல் வேலை. தெருவிலுள்ள நாய்களுக்கெல்லாம் அவன் வண்டிச் சத்தம் தெரியும். நான்கு குடியிருப்புகளில், நான்கு திருட்டு நாட்களிலும், வாயில் பதிவேட்டில் அவன் கையெழுத்து இருந்தது. நிறுவனம் அவனுடைய பையையும் கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடிந்தபின் வா என்று அனுப்பிவிட்டது. தினமும் காலையில் காவல் நிலையம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மாடியறையில் உட்கார்ந்திருந்தான். முதல் தேதிக்குள் அவன் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்காவிட்டால், அதற்குப்பின் எந்த நிறுவனமும் எந்தக் கதவின் முன்னும் அவனை நிறுத்தாது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"உன் ஆபீஸ்தானே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கணவர் கேட்டார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் அதிகம் பேசாத மனிதர். கேட்டதையே மறுபடி கேட்கவும் மாட்டார். ஆபீஸ் மட்டுமா, படமே சராசரியம்மா வரைந்தது. இன்னொன்றும் இருந்தது; அதை அவர் கணவரிடம் சொல்லவில்லை. குளியலறையில் துணி அலசிக்கொண்டே மனக்கணக்குப் போட்டிருந்தார். ஒரு திருட்டு நாளில் கையெழுத்து இருந்தால் தற்செயல். இரண்டென்றாலும் ஏதோ ஆகட்டும். நான்கு? நான்கை அவரால் விழுங்க முடியவில்லை. கொழுந்தனுக்குத் தட்டு வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் வைத்தார்.

எட்டு நாள் இப்படிப் போயிற்று.

எட்டாம் நாள் மாலை, நிலையத்தில் அன்றைக்கு நடந்ததை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே உதவி ஆய்வாளர் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டாராம்: 'ஒன்றரை'. "என்னடா ஒன்றரை, மணி ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் புத்தகத்தைத் தள்ளுவாராம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணி, நான் மறைக்கல. ஒன்றரைக்கு நான் அங்கதான் இருந்தேன். தினமும் அந்த நேரத்துக்கு அங்கதான் இருப்பேன். ஆனா ஒன்றரைக்குத்தான் திருடினாங்கன்னு யார் பாத்தா?"

"புகார்ல இருக்கும்."

"அந்த டீச்சர் வீட்டுல திருட்டுப் போச்சே, அவங்களையே கேட்டேன். அவங்களுக்கே தெரியாதாம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவன் மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவர் தம் இருக்கையில் உட்காராமல் நேரே கீழ்த்தளத்து ஆவணக் காப்பகத்துக்கு இறங்கினார். அங்கே பொறுப்பாளராக இருந்தவரைத் தலைமையகம் முழுவதும் 'தூசி' என்றே அழைத்தது. முப்பது ஆண்டுகளாகப் பழைய தாள்களுக்கு நடுவே இருந்து, தும்மாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத நிலைக்கு வந்திருந்தார். மேல்மாடியிலிருந்து ஓர் அதிகாரி தாளைத் தேடிக்கொண்டு தாமே இறங்கி வந்தது அவருக்குப் பெரிய அதிசயம்.

"என்ன மேடம், கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?"

ஆசிரியை வீட்டுப் புகாரை எடுத்துத் தரச் சொன்னார் சராசரியம்மா. வந்தது. அந்த அம்மாள் கைப்பட எழுதியிருந்தார்: காலை ஏழே முக்காலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் கணவரும் வேலைக்குப் போனோம்; மாலை ஏழேகாலுக்கு வந்து பார்த்தபோது பூட்டு உடைந்திருந்தது. ஒன்றரை மணி என்ற பேச்சே அதில் இல்லை. சராசரியம்மா அடுத்த புகாரைக் கேட்டார். காலை எட்டு மணி, மாலை ஏழு மணி. அதற்கடுத்தது, எட்டரை மணியும் ஆறரை மணியும். மூன்றுக்கும் நடுவை எடுத்தால் ஒன்றரை. மூன்றும் கணினியில் ஒன்றரை என்றே ஏறியிருந்தன.

அவர் மூன்று புகாரையும் வரிசையாக விரித்து மறுபடி படித்தார். தூசி தம் முக்காலியை இழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பதிவேடுகள் கணினிக்கு மாறிய சமயம். காகிதப் படிவத்தில் குற்ற நேரத்துக்கு இரண்டு இடம் உண்டு: இத்தனை மணி முதல், இத்தனை மணி வரை. கணினியில் ஒரே ஒரு கட்டம்தான். எதைப் பதிவது என்று எல்லா நிலையத்து எழுத்தர்களும் கையைப் பிசைந்து நின்றபோது, நேரம் சரியாகத் தெரியாவிட்டால் இரண்டுக்கும் நடுவான நேரத்தைப் பதிக என்று ஒரு சுற்றறிக்கை போயிற்று. அந்த யோசனைக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. யோசனையும் சராசரியம்மாவுடையது, சுற்றறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்தும் அவருடையது.

அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் பகலில் யாராவது ஒருவர் இருப்பார். திருட்டு இரவில் நடக்கும். பத்து மணிக்குக் கதவடைத்துப் படுத்து, ஐந்து மணிக்கு எழுந்து பார்ப்பார்கள். நடுவை எடுத்தால் இரவு ஒன்றரை. அதுவும் பொய்தான். ஆனால் இரவு ஒன்றரைக்குத் தெருவில் சந்தேகப்பட ஆளில்லை. அதனால் அந்தப் பொய் யாரையும் கடிக்கவில்லை. பிறகு நகரம் மாறியது. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். வேலையிடம் தொலைவாயிற்று, பூட்டு தொங்கும் நேரம் பத்து, பதினொன்று என்று நீண்டது. திருடன் எந்த மணிக்கு வந்தானோ, யாருக்கும் தெரியாது. தெரியாத நேரங்களெல்லாம் அவருடைய ஒரு வரிச் சுற்றறிக்கையால் பிற்பகல் ஒன்றரைக்கு இழுத்து வரப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. குன்று அப்படி எழுந்ததுதான். நான்கு கையெழுத்தும் அப்படித்தான். ஒருவன் நாள் தவறாமல் ஒன்றரைக்கு ஓரிடத்துக்குப் போனால், அங்கே எந்த நாளில் எந்த மணிக்குத் திருட்டு நடந்தாலும் அவன் அகப்பட்டுக்கொள்வான்.

"தூசி சார், போன வருஷத்து வீட்டுத் திருட்டுக் கட்டு மொத்தமும் வேணும்."

"நானூத்துச் சொச்சம் இருக்கும் மேடம். எல்லாத்தையும் பிரிச்சா நான் உயிரோட இருக்கமாட்டேன்."

"மூக்குல துணியைக் கட்டிக்குங்க."

மூன்று நாள் இருவரும் பிரித்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள். அவற்றில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் என்று கணினி சொன்னவை நூற்று நாற்பத்து மூன்று. அந்த நூற்று நாற்பத்து மூன்றில், நேரத்தை யாராவது கண்ணால் கண்டோ காதால் கேட்டோ சொன்னவை ஒன்பது. மற்றவை எல்லாம் நடுவே வைக்கப்பட்டவை. சராசரியம்மா புதிதாக ஒரு கணக்குப் போட்டார். பதினொரு மணிநேரம் வீடு பூட்டிக் கிடந்திருந்தால், அந்தத் திருட்டைப் பதினொரு பங்காக்கி, மணிக்கு ஒரு பங்கென்று வைப்பது. யாருக்கும் தெரியாததை எந்த ஒரு மணியின் தலையிலும் கட்டாமல் எல்லா மணிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. வரைந்து பார்த்தபோது ஒன்றரை மணிக் குன்றைக் காணவில்லை. காலையிலிருந்து மாலைவரை தாழ்வான ஒரு மேட்டுநிலம் நீண்டு கிடந்தது.

துணை ஆணையரின் அறைக்கு அவர் இரண்டு பழுப்புக் கட்டுகளோடு போனார். உட்காரும் முன்பே தொடங்கினார்.

"சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பதினேழு பேர்ல ஒருத்தன் என் கொழுந்தன்."

துணை ஆணையர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். கெட்டிக்காரர், நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் திரையில் போட்டுக் காட்டிய படம் அவருடைய படமாகிவிட்டிருந்தது. சராசரியம்மா சுற்றறிக்கையையும் புகார்களையும் காட்டி விளக்கியபோது துணை ஆணையரின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பங்கு பிரிக்கும் இடத்தில் அவர் கை காட்டி நிறுத்தினார். தலையில் ஏறவில்லை என்றார். சராசரியம்மா சற்று யோசித்துவிட்டு, கணக்கை ஒதுக்கி வைத்தார்.

"ஒரு குளத்துல மீன் காணாமப் போயிட்டே இருந்துச்சு சார். எந்த இடத்துல போகுதுன்னு பாத்துச் சொல்ல, ஆமை ஒரு கொக்கை வேலைக்கு வெச்சுது. கொக்குக்குக் கண் மங்கல். தண்ணி அசையறது தெரியும். இந்தக் கரையா அந்தக் கரையான்னு தெரியாது. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் நடுக்குளம்னு சொல்லிச்சு. வருஷக் கடைசியில ஆமை கூட்டிப் பாத்துது. எல்லாம் நடுக்குளம். நடுக்குளத்துல என்ன இருந்துச்சு? ஒரு தாமரை. நீதான் தின்னேன்னு அதை வேரோட பிடுங்கிப் போட்டுடுச்சு."

"கொக்கு யாரு, நீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப ஆமை நானா?"

சராசரியம்மா புகார்களைக் கட்டுக்குள் அடுக்கினார். துணை ஆணையர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே சாலையில் போக்குவரத்து நகர்ந்துகொண்டிருந்தது. நகரமே பார்த்துவிட்ட படத்தை இப்போது தப்பு என்றால், நாளைக்கு நாம் காட்டும் எதை நம்புவார்கள் என்று கேட்டார். கொழுந்தனுக்காக எண்ணைத் திருத்தினார்கள் என்று ஒரு வரி வெளியே போனால் போதும், இருவர் தலையும் உருளும் என்றார். அதில் பொய் ஏதும் இல்லை என்று சராசரியம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

"நான் எண்ணினதா வெச்சுக்காதீங்க சார். கட்டுகளை உங்க மேசையில விட்டுட்டுப் போறேன். என்னைத் தெரியாதவங்களா ரெண்டு பேரை எண்ணச் சொல்லுங்க. எனக்கு எதிரா வந்தாலும் ஒத்துக்கறேன்."

"சரி, இந்தத் திருட்டெல்லாம் எந்த நேரத்துலதான் நடக்குது? அதையாவது சொல்லுங்க."

"தெரியாது சார். நேரம் தெரிஞ்ச புகார் மொத்தமா அறுபத்தொண்ணு இருக்கு. பாதிக்கு மேல காலையில பத்து மணியை ஒட்டி. ஆனா அதுவும் யாராவது பாத்ததால நமக்குத் தெரிஞ்சது. பாக்காதது எப்படியோ."

"இந்த ஆபீஸ்லேர்ந்து 'தெரியாது'ன்னு ஒரு அறிக்கை வந்து நான் பாத்ததே இல்லம்மா."

"அதுதான் சார் தப்பாப் போச்சு."

நகரின் இரு மூலைகளிலிருந்து இரண்டு நிலைய எழுத்தர்கள் வரவழைக்கப்பட்டார்கள். நான்கு நாள் எண்ணினார்கள். சராசரியம்மாவின் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் இரண்டு புகார்தான் வித்தியாசம். அந்த இரண்டிலும் கையெழுத்து விளங்காததே காரணம். முதல் தேதிக்கு ஐந்து நாள் இருக்கையில், தடை உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. பதினேழு பேர் பட்டியலும் திரும்பப் பெறப்பட்டது. சுற்றறிக்கை ரத்தாயிற்று. பன்னிரண்டு ஆண்டு அறிக்கைகள் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் திருத்தச் சீட்டு ஒட்டச் சொன்னார் துணை ஆணையர். சுற்றறிக்கைக்குப் பொறுப்பானவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கவும் செய்தார். விளக்கத்தைச் சராசரியம்மா ஒரே பத்தியில் எழுதிக் கொடுத்தார். சீட்டு ஒட்டும் பசையைத் தூசியே காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார், வழக்கம்போல் தும்மினார், ஒரு சொல் கேலி செய்யவில்லை.

புதிய அறிக்கையின் வாசகத்தை எழுதத்தான் அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிற்பகல் திருட்டு மூன்று மடங்கானது என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரவுத் திருட்டு குறைந்ததற்குக் காவல்தான் காரணமா, திருடனுக்குப் பகலிலேயே ஆளில்லாத வீடு கிடைத்ததா என்பதையும் இந்த எண்களால் சொல்ல முடியாது. வீடுகள் பூட்டிக் கிடக்கும் நேரம் பன்னிரண்டு ஆண்டில் பெருமளவு கூடியிருக்கிறது. அதை எந்த ஆண்டும் நாம் அளக்கவில்லை. அளக்காமல் அன்றைய நகரத்தையும் இன்றைய நகரத்தையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பது நியாயமில்லை. இரண்டாவது வாக்கியத்தின்கீழ் துணை ஆணையர் பென்சிலால் கோடிட்டிருந்தார். அடிக்கவில்லை.

பட்டியல் நீங்கிய அன்று மாலை சராசரியம்மா மாடியறைக்கு ஏறிப் போனார். அந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் படியில் அவர் ஏறியது குறைவு. கொழுந்தன் கட்டிலில் உட்கார்ந்து, நிறுவனம் திருப்பித் தந்த பையின் வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நிலையத்தில் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். 'ஒன்றரை' என்ற பெயரை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லையாம்.

"அப்ப நான் எடுக்கலைன்னு எழுதிட்டாங்களா அண்ணி?"

"இல்ல தம்பி. எப்ப எடுத்தாங்கன்னு தெரியாதுன்னுதான் எழுதியிருக்கு. நீ எடுத்தேன்னு காட்ட அந்தக் கணக்குல ஒண்ணுமில்லைன்னு. அவ்வளவுதான் கணக்கால சொல்ல முடியும்."

அவன் வாரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். "கணக்கை விடுங்க. நீங்க?"

சராசரியம்மா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நீ எடுக்கவில்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்லிவிடலாம். அவனும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தான். அவர் படியேறும்முன் கணவரும் கண்ணால் அதைத்தான் கேட்டுக்கொண்டார்.

"எட்டு நாள் உன்னைத்தான் நினைச்சேன் தம்பி. நாலு இடத்துலயும் உன் கையெழுத்து. நான் வரைஞ்ச படம். அதை மீறி எனக்கு யோசிக்கத் தெரியல. எட்டாம் நாள் நீ அந்தக் கேள்வியைக் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது."

"எட்டு நாளும் எனக்குத் தட்டு வெச்சுக்கிட்டா?"

"ஆமா."

கீழே கணவர் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. சராசரியம்மா மன்னிப்புக் கேட்டார். கேட்டபோது அந்தச் சொல் சிறியதாக இருந்ததும் அவருக்குத் தெரிந்தது. அவன் தலையாட்டினான், ஏற்றதற்கா, கேட்டதற்கா என்று சொல்வதற்கில்லை.

"நாளைக்குக் காலையில ரவுண்டு போகணும்" என்றான் கடைசியில். "கதவைத் தட்டினா என்ன முகம் வெச்சுப்பாங்களோ தெரியல. போய்த்தான் பாக்கணும்." பையை மடித்துத் தலைமாட்டில் வைத்தான். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "உங்ககிட்ட பழையபடி பேச எனக்குக் கொஞ்ச நாள் ஆகும் அண்ணி."

எத்தனை நாள் என்று சராசரியம்மா கேட்கவில்லை.